நகரசபையின் கற்பனை

நாவல் எழுதுகிறவனுக்கு நகரசபை விவகாரம் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மனித உள்ளத்தின் ஆழத்தை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிகிற பேர்வழி, சாக்கடையின் ஆழத்தை அளக்கிறவர்களோடு ஏன் சச்சரவுக்குப் போக வேண்டும்? ஆனால் அவர்கள் தயாரித்த ஒரு படத்தைப் பார்த்த பிறகு, இது என் தொழிலைச் சேர்ந்த விஷயம்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவர்களும் கதைதான் எழுதுகிறார்கள். அதுவும் சுமாரான கதை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். நகரசபை உள்ள ஒரு நடுத்தர ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் தங்கை அங்கே இருக்கிறாள். அவள் தெருக்கோடியில் ஒரு பழைய மைதானம். அதில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு குழாய். அந்த மைதானத்தைப் பூங்காவாக மாற்றப் போகிறார்கள் என்றும், அது பற்றி ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்கப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டிருக்கிறார்கள் என்றும் அவள் சொன்னாள். தமிழ்நாட்டில் 2022-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டையும் பகுதிகளாகப் பிரித்து, பகுதி சபை என்று கூட்டம் நடத்துகிறார்கள் அல்லவா, அந்த மாதிரிக் கூட்டம். நானும் போனேன். "அண்ணா, பேசாமல் உட்கார்ந்து வேடிக்கை பார், வாயைத் திறந்துவிடாதே" என்று வாசலிலேயே எச்சரித்துத்தான் அழைத்துப் போனாள்.

கரும்பலகையை மறைத்து ஒரு பெரிய துணிப்படம் தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் வரப்போகும் பூங்கா. பச்சைப் பசேலென்று புல்தரை, சிவப்புக் கல் பாவிய நடைபாதை, நடுவில் நீரூற்று, ஓரத்தில் உடற்பயிற்சிக்கு இரும்புச் சாதனங்கள். எல்லாம் அழகாகவே இருந்தன. என் கண் வழக்கம்போல் மனிதர்களைத் தேடிற்று. மனிதர்களும் இருந்தார்கள், எண்ணிப் பார்த்தேன், பதினொரு பேர். அரைக்கால் சட்டையுடன் ஓடுகிற ஒரு பெண். நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆண். பலூனோடு இரண்டு குழந்தைகள். ஐஸ்கிரீமோடு ஒரு ஜோடி. இப்படியே மற்றவர்களும். கம்ப்யூட்டரில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய உருவங்கள். எல்லாருக்கும் வெள்ளைக்காரச் சாயல். நாற்பது வயதைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. புடவை கட்டிய உருவம் ஒன்றுகூட இல்லை. தரையில் யாரும் உட்காரவில்லை. கையில் பை, கூடை, குடம், தூக்கு என்று ஒரு சாமானும் கிடையாது.

எஞ்சினீயர் இளைஞர், நல்ல பிள்ளை. குச்சியை வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். அவர் முடித்ததும் பின்வரிசையில் இருந்து ஒரு பாட்டி எழுந்தாள்.

"ஏம்ப்பா, இதுல குழாய் எங்க இருக்கு?"

"குடிதண்ணி வசதி ரெண்டாம் கட்டத்துல வருது பாட்டி."

"அப்ப மொத கட்டத்துல யாருக்கும் தாகம் எடுக்காதா?"

கூடம் முழுவதும் சிரித்தது. எஞ்சினீயரும் சிரித்துவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். நான் மட்டும் சிரிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு புஸ்தகத்துக்கு இதைவிடச் சிறந்த மதிப்புரை எழுத என்னால் முடியாது என்று பட்டது. ஏனென்றால் அந்தப் படத்தின் குறை, மோசமான நாவல்களில் நாம் தினமும் பார்க்கிற குறையேதான். ஆசிரியர் முதலில் மாளிகையைக் கட்டிவிடுகிறார், தோட்டம் போட்டுவிடுகிறார், பிறகு அதில் உலாவ ஆள் வேண்டுமே என்று எங்கிருந்தோ பிடித்து வந்து நிறுத்துகிறார். அந்த ஆட்களுக்குத் தாகம் எடுப்பதில்லை. கால் வலிப்பதில்லை. சிறுநீர் கழிக்கும் அவசியம் கதாநாயகிக்கு எப்படி ஏற்படாதோ அப்படியே இவர்களுக்கும் ஏற்படுவதில்லை.

நகரசபையைப் பற்றி எழுதப்பட்ட கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஆர். கே. நாராயணின் 'லாலி ரோடு'. சென்னைப் புரசைவாக்கத்தில் 1906-ல் பிறந்தவர், ஆங்கிலத்தில் எழுதினவர் என்றாலும் அவருடைய மால்குடி நம் ஊர்தான். 1956-ல் வந்த தொகுதிக்கு இந்தக் கதையின் பெயரையே வைத்தார்கள். சுதந்திரம் வந்ததும் மால்குடி நகரசபைக்குத் திடீரென்று தேசபக்தி பொங்குகிறது. யுத்த காலத்தில் வியாபாரத்தில் பணம் சேர்த்தவர் சேர்மன். தெருக்களுக்கும் பூங்காவுக்கும் பெயர் மாற்றுகிறார்கள். ஒரே பெயருக்குப் பல பேட்டைகள் போட்டி போடுகின்றன. கடைசியில் எந்தத் தெரு எது என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. பிறகு லாலி என்ற வெள்ளைக்காரத் துரையின் சிலையைப் பெயர்க்கத் தீர்மானம். பெயர்க்கப் பணம் இல்லை. கதை சொல்லும் பத்திரிகை நிருபரிடமே சும்மா கொடுத்துவிடுகிறார்கள். அவர் வெடிவைத்துப் பெயர்த்துக் கொண்டுபோனால் சிலை வீட்டுக்குள் நுழையவில்லை. பாதி வீட்டில், பாதி தெருவில். அப்புறம்தான் தெரிகிறது, இந்த லாலி கொடுங்கோலன் அல்ல, ஊருக்கு நன்மை செய்த வேறொரு லாலி என்று. திரும்ப நிறுத்தச் சொல்லி ஊரே கூச்சல் போடுகிறது. முடிவில் சேர்மன் சொந்தப் பணத்தில் அந்த வீட்டையே வாங்குகிறார், சிலை கிடக்கிற தெருவுக்கு லாலி ரோடு என்று பெயர் வருகிறது, தேர்தலும் வருகிறது.

இதைப் படித்துச் சிரிக்காதவர் நகரசபையில் வேலை பார்க்கிறவராகத்தான் இருக்க வேண்டும். நாராயண் ஒரு பெரிய உண்மையைப் பிடித்துவிட்டார். பொதுக் காரியங்களிலேயே மலிவானது பெயர் வைப்பது. குழாய் போட இரும்பு வேண்டும். பலகை எழுத ஒரு டப்பா சாயம் போதும். ஆகவே பலகையில் தேசமே மாறிவிடுகிறது. குழாயில் தண்ணீர் வருவதில்லை.

இருந்தாலும் அந்தக் கதையிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மால்குடியின் பூங்காவுக்கு என்ன பெயர் இருந்தது, என்ன பெயர் வந்தது என்று நாராயண் சொல்கிறார். அதில் யார் உட்கார்ந்தார்கள் என்று சொல்லவில்லை. சேர்மன் நமக்குத் தெரிகிறார், நிருபர் தெரிகிறார், சிலை நன்றாகவே தெரிகிறது. ஜனங்கள் கூச்சலாக மட்டும் கேட்கிறார்கள். நகைச்சுவைக் கதைக்கு அது போதும் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சமாதானம் செய்துகொள்கிறேன். ஆனால் நம் தமிழ்க் கதைகளும் இந்த விஷயத்தில் மேலல்ல. எங்கள் கதைகளில் பூங்கா என்றால் ஒரு சிமெண்டு பெஞ்சி. காதலர்கள் வந்து உட்காருவார்கள், பேசுவார்கள், பிரிவார்கள். பெஞ்சியை யார் போட்டார்கள், அது ஏன் வெயிலில் இருக்கிறது என்று எந்த ஆசிரியனும், நான் உள்பட, கேட்டதில்லை. நகரசபையின் படத்தில் இருந்த ஐஸ்கிரீம் ஜோடி எங்கள் கதைகளிலிருந்துதான் போயிருக்குமோ என்று ஒரு சந்தேகம்.

கதையை விட்டு நிஜத்துக்கு வருவோம். சென்னையை எடுத்துக்கொள்கிறேன். 1688-ல் ஏற்பட்ட கார்ப்பரேஷன்; இந்தியாவில் இதைவிடப் பழைய நகரசபை கிடையாது. பொதுப் பூங்கா விஷயத்தில் இதன் சரித்திரம் ஒரு சோக நாவல். ஆனால் வில்லன் இல்லாத சோக நாவல்.

சர் சார்லஸ் டிரெவிலியன் என்று ஒரு கவர்னர். 1859-ல் வந்தார், வருமான வரி யோசனையை வெளிப்படையாக எதிர்த்ததற்காக 1860-லேயே திருப்பி அழைக்கப்பட்டார். இருந்த கொஞ்ச காலத்தில் அவர் செய்த காரியங்களில் ஒன்று, ஜார்ஜ் டவுனின் நெரிசலில் மூச்சுத் திணறிய ஜனங்களுக்காக நகரின் நட்டநடுவே ஒரு பெரிய பூங்காவுக்கு அடிகோலியது. பெயரே 'பீப்பிள்ஸ் பார்க்', ஜனங்களின் பூங்கா. நூறு ஏக்கருக்கு மேல். குளங்கள், வண்டிப் பாதைகள், பாண்டு வாத்தியம் வாசிக்க மேடை எல்லாம் இருந்தன. எட்வர்டு பால்ஃபர் 1855-ல் மியூசியத்தில் தொடங்கிய மிருகக்காட்சி சாலையும் பின்னால் இங்கே வந்து சேர்ந்தது.

இன்று சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி, ஜனங்களின் பூங்கா எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

என்ன ஆயிற்று? ஒரு ஜமீன்தார் வளைத்துக்கொண்டாரா? கள்ளப் பத்திரம் எழுதினார்களா? அப்படி நடந்திருந்தால் எழுதுவதற்குச் சுலபம். நடந்ததெல்லாம் நல்ல காரியம். 1880-களில் ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று பிரமுகர்கள் நினைத்தார்கள். பூங்காவின் ஒரு மூலையில் விக்டோரியா பப்ளிக் ஹால் எழுந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகம் போட்டது. தமிழ் நாடகத்துக்கு அந்த மண்டபம் ஒரு தாய் வீடு. அது வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியுமா? பிறகு, பிராட்வேயில் இருந்த பழைய மார்க்கெட் சுகாதாரக் கேடாக இருந்தது. வியாபாரிகளுக்கு நல்ல இடம் தர வேண்டும். 1898-ல் அடிக்கல் நாட்டி 1900-ல் மூர் மார்க்கெட் திறந்தார்கள். பழைய புஸ்தகக் கடைகளுக்கு அது பிற்பாடு க்ஷேத்திரம் ஆயிற்று. எங்கள் எழுத்தாளர் ஜாதியில் பாதிப்பேர் அங்கே படித்தவர்கள். கல்லூரியில் படித்ததாகச் சொல்வது சும்மா. அதை எப்படிக் குறை சொல்வேன்?

அடுத்து நகரசபைக்கே ஒரு வீடு வேண்டியிருந்தது. 1913-ல் ரிப்பன் கட்டடம் திறக்கப்பட்டது. வெள்ளை வெளேரென்று, மணிக்கூண்டோடு, பார்த்தால் கும்பிடத் தோன்றும் கட்டடம். ஸ்தல சுயாட்சிக்கு 1882-ல் வழி வகுத்த வைசிராய் ரிப்பன் பிரபுவின் பெயர். ஜனங்களின் ஆட்சிக்கான வீடு ஜனங்களின் பூங்காவிலேயே இடம் பிடித்தது என்பதை நான் கற்பனை செய்து எழுதியிருந்தால், குறியீடு மிகவும் வெளிப்படையாக இருக்கிறது என்று விமர்சகர்கள் கண்டித்திருப்பார்கள். அதற்கப்புறம் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூஜீலந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டம் எடுத்தது அங்கேதான்; 2008 வரை அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. அந்த ஸ்டேடியம் வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்து போயிற்று. அந்த இடம் ரயில்வேக்குப் போய்ப் புறநகர் ரயில் நிலையம் ஆயிற்று. தினமும் வேலைக்குப் போகிற ஏழை ஜனங்களுக்கு ரயில் வேண்டாமா? வேண்டும். அதே வருஷம் மிருகக்காட்சி சாலையும் வண்டலூருக்குப் போயிற்று. மிருகங்களுக்கு நல்லதுதான்.

இப்படி ஒவ்வொரு அத்தியாயமும் நியாயமாக இருக்கிறது. புஸ்தகத்தை மூடிவைத்தால் பூங்காவைக் காணோம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மண்டபம் கேட்டவர்களுக்கு வாய் இருந்தது. வியாபாரிகளுக்கு வாய் இருந்தது. உத்தியோகஸ்தர்களுக்கும் விளையாட்டு ரசிகர்களுக்கும் இருந்தது. சாயந்திரம் ஆறு மணிக்கு வந்து, ஒன்றும் செய்யாமல் ஒரு மணி நேரம் புல்லில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறவனுக்கு வாய் இல்லை. அவன் சங்கம் வைத்துக்கொள்வதில்லை. 'நான் சும்மா உட்கார இடம் வேண்டும்' என்று எந்த அதிகாரியிடம் மனுக் கொடுக்க முடியும்? மனு எடுத்துக்கொண்டு போனாலும் போய்ச் சேர ஒரு மன்றம் வேண்டுமே. 1973-ல் சென்னை நகரசபை கலைக்கப்பட்டது. மறுபடி தேர்தல் நடந்தது 1996-ல். இருபத்து மூன்று வருஷம் ஒரு கௌன்சிலர்கூட இல்லாமல் அதிகாரிகளே ஊரை நடத்தினார்கள். மூர் மார்க்கெட் எரிந்தபோதும், அந்த நிலத்தைப் பற்றி முடிவு செய்தபோதும் ரிப்பன் கட்டடத்தின் மன்றக் கூடம் காலியாகத்தான் இருந்தது. பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் இவையெல்லாம் நகராட்சியின் பொறுப்பு என்று அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1992-ல் பட்டியல் போட்டே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் 2016 முதல் 2022 வரை இன்னொரு முறை நாற்காலிகள் காலி. இடையில் 2011-ல் நகரத்தின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக வளர்ந்திருந்தது. ஊர் இரண்டரை மடங்கு. கேட்க ஆள் இல்லை.

கௌன்சிலர்கள் இருந்தால் மட்டும் என்ன கிழித்துவிடுவார்கள் என்று கேட்பீர்கள். ரிப்பன் கட்டடத்தைப் பூங்காவில் கட்டியது நகரசபைதானே! வாஸ்தவம். நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மோசமான கௌன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடலாம். காலி நாற்காலியிடம் யார் சத்தம் போடுவது?

காலி என்று சொன்னதும் ஒன்று நினைவு வருகிறது. சர்க்கார் காகிதங்களில் மைதானத்துக்குக் 'காலி இடம்' என்று பெயர். குழந்தைகள் கிட்டிப்புள் ஆடுகிறார்கள், கிழவர்கள் ஆடுபுலி ஆட்டம் ஆடுகிறார்கள், யாரோ வடாம் காயவைத்திருக்கிறார்கள், இரண்டு பேர் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காகிதத்தில் அது காலி. தமிழில் இந்த மாதிரி நிலத்துக்கு நல்ல சொற்கள் இருந்தன. மாடுகள் கூடும் வெளி, மந்தைவெளி. சென்னையில் அந்தப் பெயரில் ஒரு பேட்டையே இருக்கிறது, மந்தை மட்டும் இல்லை. வரி விதிக்காமல் ஊருக்குப் பொதுவாக விட்ட நிலத்துக்குப் புறம்போக்கு என்று பெயர். அந்தச் சொல்லை இன்று ஒருவரைத் திட்டப் பயன்படுத்துகிறோம். ஊர் நடுவே மரத்தடியில் ஜனங்கள் கூடுகிற வெளிக்குப் பழந்தமிழில் மன்றம் என்று பெயர். இன்று மன்றம் என்றால் கௌன்சிலர்கள் கூடுகிற குளிர்சாதன அறை. மரத்தடி போய்விட்டது, சொல் மட்டும் பதவி உயர்வு பெற்றுவிட்டது.

மெரினாவைச் சொல்லாமல் சென்னையை விட்டால் என்னை மன்னிக்க மாட்டீர்கள். 1884-ல் கிராண்ட் டஃப் துரை ஒரு நீண்ட நடைபாதை போட்டு, இத்தாலியில் பார்த்த நினைவில் அந்தப் பெயரை வைத்தார். நான் பார்த்தவரையில், நகரில் பொழுதுபோக்குக்காகச் செய்யப்பட்ட காரியங்களிலெல்லாம் உயர்ந்தது அதுதான். ஏனென்றால் அதில் அவர்கள் செய்தது மிகக் குறைவு. மணலை மணலாகவும் கடலைக் கடலாகவும் விட்டுவிட்டார்கள். பிறகு 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சிலைகள் வந்தன. 1969-லிருந்து தலைவர்களின் சமாதிகள் வந்தன. அவற்றைப் பற்றி ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கலாம். ஆனாலும் மணல் இன்னும் மிச்சம் இருக்கிறது. நுழைவுச் சீட்டு இல்லாமல், யாரும் ஏன் வந்தாய் என்று கேட்காமல், மாதச் சம்பளக்காரரும் மூட்டை தூக்குகிறவரும் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்கிற இடம் அதைப் போல் வேறு எனக்குத் தெரியாது.

பாண்டி பஜார் விஷயம் வேறு. அங்கே 2019-ல் வண்டிகளை ஒதுக்கி நடப்பதற்கு அகலமான பாதை போட்டார்கள். போய்ப் பார்த்தேன். குற்றம் கண்டுபிடிக்கும் எண்ணத்தோடுதான் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கல் பெஞ்சிகளில் வயதான அம்மாள்கள், கடைக்குள் எதுவும் வாங்காமல், பேரன் பேத்திகளோடு உட்கார்ந்திருந்தார்கள். தியாகராய நகரில் ஒரு பெண் காசு கொடுக்காமல் உட்காரலாம் என்பது சின்ன விஷயம் அல்ல. ஆகவே பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பாதைக்குப் பல காலம் உயிராக இருந்த நடைபாதை வியாபாரிகளை 2013-லேயே ஒரு மாடிக் கட்டடத்துக்குள் ஏற்றிவிட்டார்கள். வளையல்காரரும் ஹேர்பின் விற்பவரும் இல்லாத பாண்டி பஜார் எனக்குச் சற்று வீடு மாறிப்போன உணர்ச்சியைத்தான் தந்தது. இதிலும் அதே கதைதான்: முதலில் பின்னணியைச் சுத்தம் செய்து, பாத்திரங்களைப் பின்னால் யோசிப்பது.

இவ்வளவு நேரம் கவர்னர், கமிஷனர், கௌன்சிலர் என்று மற்றவர்களைப் பற்றியே பேசிவிட்டேன். இனி சொல்லப் போவது எனக்கு அவ்வளவு கௌரவம் தரக்கூடியதல்ல.

என் பேட்டையில் ஒரு சிறு பூங்கா இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால், எங்கள் குடியிருப்போர் சங்கம் அதைப் பற்றி ஒரு மனுத் தயாரித்தது. பகல் வேளையில் 'வேண்டாதவர்கள்' வந்து படுத்துக் கிடக்கிறார்கள், சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அசுத்தம் செய்கிறார்கள், சீட்டு ஆடுகிறார்கள், ஆகவே காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணி வரை பூட்டி வைக்க வேண்டும். நடப்பதற்குச் செங்கல் பாதையும் போட வேண்டும். எல்லாரும் படித்தவர்கள், மனு நல்ல இங்கிலீஷில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செயலாளர் வீட்டுக்கு வந்து நீட்டினார். நான் ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தில் மூழ்கியிருந்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டேன். அந்த அத்தியாயம் ஒரு ஏழைப் பெண்ணின் துயரத்தைப் பற்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மனு பலித்தது. பாதை வந்தது, பூட்டும் வந்தது. சில மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் ஒரு மணிக்கு நான் வெளியே கிளம்பினேன். எங்கள் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் பம்புக்கும் சைக்கிள்களுக்கும் நடுவில், எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாள் குந்தி உட்கார்ந்து டப்பாவிலிருந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். எங்கள் வீட்டு வேலை முடிந்து அடுத்த வீட்டு வேலை தொடங்க இரண்டு மணி ஆகும். என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்த்தாள்.

"இங்கே ஏம்மா உட்கார்ந்திருக்கே?"

"முன்னாடி பார்க்குல சாப்பிடுவேன் சார். இப்ப பூட்டிடறாங்க."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். பூட்டச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் சொல்லவும் இல்லை. 'மேலே வந்து உட்கார்ந்து சாப்பிடு' என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அன்றைக்கு எங்கே கிளம்பினேன் என்பது இப்போது ஞாபகம் இல்லை.

பின்னால் சங்கக் கூட்டத்தில் பூட்டை எடுத்துவிட வேண்டும் என்று பேசினேன். ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். "உங்களுக்கு எழுத்தாளர் மனசு சார்" என்றார் ஒருவர். தீர்மானம் தோற்றது, எனக்கு ஆதரவாக இரண்டு பேர். சில சமயம் நினைத்துக்கொள்வேன்: பீப்பிள்ஸ் பார்க்கை விழுங்கியவர்களில் யாராவது ஒருவர் இப்படிப் பின்னால் வருத்தப்பட்டிருப்பாரா என்று. வருத்தப்பட்டவர்கள் குறிப்பு எழுதி வைப்பதில்லை. எரிந்துபோன மூர் மார்க்கெட்டுக்காவது ரயில்வே கட்டட வளாகத்தில் ஒரு சின்ன மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். பூங்காவுக்கு எதை மாதிரி செய்து வைப்பது?

ஆகவே அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில், தங்கையின் எச்சரிக்கையையும் மீறி, எழுந்து நின்றேன். பூங்காவுக்குக் கதவு உண்டா, உண்டென்றால் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று கேட்டேன். எஞ்சினீயர் கௌன்சிலரைப் பார்த்தார். கௌன்சிலர், பொறுமையான ஒரு அம்மாள், "அது பராமரிப்பு ஒப்பந்தத்துல வரும் ஐயா" என்றார். முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி, "ராத்திரி பகல்னு தொறந்து வெச்சா கண்டவனெல்லாம் வருவான் சார்" என்றார். எனக்கு அவர் முகம் மிகவும் பழக்கமானதாகத் தெரிந்தது. எங்கள் சங்கத்தில் எல்லாருக்கும் அந்த முகம்தான். மனுவில் கையெழுத்துப் போட்ட அன்று எனக்கும் அதே முகம் இருந்திருக்கும். பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஊஞ்சல் எத்தனை, சறுக்குமரம் எத்தனை என்று பேச்சு போயிற்று. அரை மணி நேரம் நன்றாகவே விவாதித்தார்கள். வேப்பமரத்தை வெட்டாமல் மேடை கட்ட வேண்டும் என்று பையன் ஒருவன் சொன்னதை எஞ்சினீயர் ஒப்புக்கொண்டார். கூட்டம் வீண் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு வருஷத்துக்குள் பூங்கா வந்துவிட்டது. தங்கை டெலிபோனில் சொன்னாள். வேப்பமரம் இருக்கிறதாம். நீரூற்று இரண்டு மாதம் ஓடி நின்றதாம்.

"குழாய்?" என்று கேட்டேன்.

"முதல் கட்டத்துலயே வந்துடுச்சு அண்ணா. ஆனா இப்ப அது கம்பி வேலிக்கு உள்ளே இருக்கு. காலையிலே ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிடறாங்க. மறுபடி சாயந்திரம்தான்."

"அந்தப் பாட்டி என்ன செய்கிறாள்?"

"பகல்லே குடத்தை வேலிக்கு வெளியே வெச்சுட்டு, ஒரு ரப்பர் குழாயைக் கம்பி வழியா உள்ளே விடறா. வாட்ச்மேன்தான் அதைக் குழாயிலே மாட்டித் திறந்து விடறான்."